நடு நாற்காலியும் வாத்துக்கறியும்

நியூ ரிவார்ட்,
கிழக்குக் கரை, டெமராரா,
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி ஆஸ்வினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணனும் இங்கே சுகம். அவருடைய இடது முழங்காலை மட்டும் அந்தச் சுகத்தில் சேர்க்க முடியாது. டொராண்டோவில் பனி இடுப்பளவு என்று வானொலியில் சொன்னார்கள். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ சாமான் நிரப்பி அனுப்பிய பீப்பாய் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. துண்டுகள் நல்ல கனம். மத்தி மீன் டப்பாக்களில் இரண்டு நசுங்கியிருந்தன, அவற்றை முதலில் தின்று தீர்த்தோம்.

டப்பாக்களுக்கு நடுவில் நீ மடித்து வைத்திருந்த சீட்டையும் பார்த்தேன். "அண்ணி, இங்கே நம் கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விளக்குக் கட்சியில் உங்கள் வீட்டுக்காரர் தலைவரா, வெறும் படமா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வருஷமாக அண்ணன் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கேட்காத பிள்ளை கேட்கிற முதல் கேள்வி இதுவா என்று சீட்டை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிரசவம் பார்த்தவள் நான். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. உன் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். படகுக் கட்சி நம் கறுப்பு ஜனங்களுடையது, விளக்குக் கட்சி இந்தியருடையது என்பது இந்த நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பத்திரிகைக்காரர்கள் விளக்குக் கட்சியின் மேல்மட்டத் தலைவர்கள் ஏழு பேரின் படத்தையும் வரிசையாகப் போட்டு, ஏழும் ஒரே ஜாடை என்று கேலி செய்வார்கள். இந்த ஜனவரியில் அந்த ஏழில் ஒரு இடம் உன் அண்ணனுக்கு. துணைத் தலைவர் பதவி. அது மட்டுமில்லை, தலைவர் தூத்நாத் ஜனாதிபதி வேட்பாளர், உன் அண்ணன் பிரதமர் வேட்பாளர். இங்கிருந்து ஜார்ஜ்டவுன் வரை ஒரு விளக்குக் கம்பம் விடாமல் அவர் முகம் தொங்குகிறது. நம் ஊர் எல்லையில் இருக்கிற படத்தில் யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள். அவருக்குத்தான் மீசை இருக்கிறதே, அதன் மேலேயே வரைந்திருக்கிறார்கள். என்ன அவசரமோ.

நான் நாலு கூட்டத்துக்குப் போனேன். மேடையில் நடு நாற்காலி அவருக்குத்தான். தூத்நாத்தே ஒரு நாற்காலி தள்ளி உட்காருகிறார். மாலை முதலில் அவருக்கு. படமெடுப்பவர்கள் "காம்ரேட் காம்ப்டன், கொஞ்சம் இப்படி" என்று அவரைத்தான் திருப்புகிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு கூட்டத்திலும் ஒன்றைக் கவனித்தேன். கூட்டம் முடிந்ததும் மற்ற ஆறு பேரும் இரண்டு காரில் ஏறிப் போகிறார்கள். உன் அண்ணன் மாலையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு மினிபஸ்ஸில் வருகிறார்.

இன்னொன்று. போன வாரம் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தார். விளக்குக் கட்சி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு தருமென்று வானொலியில் செய்தி சொன்னார்கள். கத்தியை நிறுத்திவிட்டு வானொலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இது எப்போது முடிவானது என்று கேட்டேன். அது வேறு கமிட்டி என்றார். எந்தக் கமிட்டி என்றேன். முகத்தில் சோப்பு காய்கிறது, பேச்சுக் கொடுக்காதே என்றார்.

அந்த வேறு கமிட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், தம்பி. தூத்நாத்தின் மருமகள் ரோமிலாவுக்கு நான்தான் இரண்டு பிரசவமும் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ரத்தக்கொதிப்பு பார்க்க என்னிடம்தான் வருகிறாள். முந்தாநாள் கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஞாயிற்றுக்கிழமை வந்தாலே தலைவலி, ஆறு பேருக்குப் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொண்டாள். எந்த ஆறு பேர் என்று கேட்டேன். ஞாயிறுதோறும் மதியம் அவர்கள் வீட்டுப் பின்னால், வாய்க்கால் கரையில் விறகடுப்பு மூட்டி வாத்துக்கறி சமைப்பார்களாம். ஆண்கள்தான் சமைப்பது. கறி வேகிற வரைக்கும் ரம் குடித்துக்கொண்டு கட்சி விவகாரம் எல்லாம் பேசி முடித்துவிடுவார்களாம். பிள்ளைகளின் சாப்பாட்டுத் திட்டம் அங்கேதான் முடிவானது. அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ரத்தக்கொதிப்பு அங்கேயே ஏறிவிட்டது.

ஏழில் ஆறு பேர் வாத்துக்கறிக்குப் போகிறார்கள். ஏன் ஒருவரை மட்டும் கூப்பிடவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் உனக்குப் பதில் சொல்லக் கூடாது. கொஞ்சம் பொறு.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் அண்ணி,
வேவ்னி


நியூ ரிவார்ட்,
மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வாத்துக்கறி விஷயத்தைப் படித்துவிட்டு "நான் அப்போதே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. உங்கள் அப்பாவின் அடக்கத்தன்று, அண்ணன் சட்டையில் விளக்குச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் முன்கைப்பிடியை அவர் தொடக் கூடாது என்று சொன்னாயே. அன்றைக்கு மூத்த பிள்ளை பெட்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தார். அதை விடு. அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு எழுத வந்தது மறந்துவிடும்.

ரோமிலாவின் பெரியவனுக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் செய்து எடுத்துக்கொண்டு தூத்நாத் வீட்டுக்கே போய்விட்டேன். நாட்டுக்கே தலைவராகப் போகிறவர், கட்டைத் தூண்மேல் நிற்கிற வீட்டுக்கடியில் ஊஞ்சல் வலையில் படுத்துக்கொண்டு பேரனுக்குப் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். என் வீட்டுக்காரரை ஏன் வாத்துக்கறிக்குக் கூப்பிடுவதில்லை என்று. பலூன் அவர் வாயிலிருந்து நழுவி வீட்டுக்கடியெல்லாம் சுற்றியது.

பிறகு ரொம்ப அக்கறையாகச் சொன்னார். "நர்ஸம்மா, உங்க வீடு அட்வென்டிஸ்ட் வீடாச்சே. ரம் பாட்டில் தொறக்கற எடத்துக்கு அந்த மாதிரி பக்தியான மனுஷனைக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்துவானேன்னுதான் விட்டுட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்வென்டிஸ்ட் சபை என்னுடையது. சனிக்கிழமை வேலை செய்யாதவள் நான், ரம் தொடாதவள் நான். உன் அண்ணன் ஆங்கிலிகன் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர் என்பதும், ரம் விஷயத்தில் அவருக்கு ஒரு சங்கடமும் கிடையாது என்பதும் இந்தக் கரையில் யாருக்குத் தெரியாது? பெண்டாட்டியின் சபையை வைத்து மனுஷனைக் கணித்திருக்கிறார்கள். இருபது வருஷம் பக்கத்து ஊர். இதை நான் சொன்னதும் தூத்நாத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே அனுப்பி வையுங்கள், அவர் பங்கு வாத்துக்கால் தனியாக எடுத்து வைக்கிறேன் என்றார். நிஜமாகவே தப்பாக நினைத்தார்களா, நான் கேட்ட பிறகு அந்தச் சாக்கு தோன்றியதா என்று அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். பிரசவ அறையில் பொய்யைக் கண்டுபிடிக்கிறவள் நான். அந்த முகத்தில் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது சந்தையில் துருபத்தியைப் பார்த்தேன். மொஹாபீரின் பெண்டாட்டி. மொஹாபீரை உனக்கு நன்றாகத் தெரியும், உங்கள் படகுக் கட்சியின் பிரதமர் வேட்பாளர், உங்கள் ஏழு பேரில் ஒரே இந்தியர். போன வருஷம் டொராண்டோவுக்கு வந்து உங்கள் மேடையில் பேசினாரே. இரண்டு பேரும் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தோம். ஒரு மணி நேரம் பொறுக்கியிருப்போம். கடைக்காரி கூடையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதைக் கேள். "ஒங்க ஆளுக்காவது நடு நாற்காலி போடறாங்க நர்ஸம்மா. எங்க ஆளுக்கு ஓர நாற்காலிதான். ஆனா கேமரா கரெக்டா அந்த ஓரத்துலதான் நிக்கும்." படகுக் கட்சியில் முடிவெல்லாம் ஞாயிறு மதியம் டாமினோ ஆடுகிற மேஜையில் நடக்கிறதாம். மொஹாபீரை ஒருநாளும் கூப்பிட்டதில்லையாம். இந்தியருக்கு டாமினோ வராது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அந்த மனுஷன் புதிதாக ஒரு டாமினோ பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, நாலு வருஷமாக வீட்டுக்கடியில் பெண்டாட்டியோடு ஆடிப் பழகிக்கொண்டிருக்கிறாராம். என்றைக்காவது கூப்பிட்டால் தோற்கக் கூடாதாம். இதைச் சொல்லும்போது துருபத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். வெண்டைக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது நான் உன்னை ஒன்று கேட்கிறேன், தம்பி. மொஹாபீர் டொராண்டோவில் நாலு நாள் இருந்தாரே. உங்கள் கிளையில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை டாமினோ ஆடுவீர்களே. ஒரு கை போட அவரைக் கூப்பிட்டீர்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்குள்ளே சொல்லிக்கொள்.

வீட்டுக்கு வந்து அழைப்பு வந்ததைச் சொன்னபோது உன் அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. வாத்துக்கறி விஷயம் அவருக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியுமாம். மதகு பார்ப்பதுதானே அவர் வேலை, ஞாயிற்றுக்கிழமை கடல் மதகைத் திறக்க நிற்கும்போது காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் மசாலா வாசனை வருமாம். "கூப்பிடாத எடத்துக்கு என்னைக் கூப்பிடச் சொல்லி நீ போய்க் கேட்டியா?" என்றார். ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் அவராகவே பேசினார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஒவ்வொரு மழைக்கும் அடுப்படி வரை தண்ணீர் வருமே, அந்தத் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு வேண்டுமென்று ஒன்பது வருஷம் படகுக் கட்சியிடம் நடந்தார். அவர்களுக்கென்ன கவலை, நியூ ரிவார்ட் ஓட்டு எப்படியும் படகுக்குத்தான். விளக்குக் கட்சிக்காரன் எங்களோடு மேடையில் உட்கார், பம்பு வரும் என்றான். உட்கார்ந்தார். ஏழு மாதத்தில் பம்பு வந்தது. "படத்துக்குத்தான் வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா வேவ்னி? என் மூஞ்சிக்கு ஒரு பம்பு கெடைச்சா, நல்லாப் பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, ஆனால் இப்போது பிரதமர் என்கிறார்கள், ஒரு பம்போடு போகிற விஷயமில்லை, இந்தக் கரை முழுக்க இருக்கிற மதகுகளைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன், யாராவது ஒருநாள் கேட்டால் நன்றாக இருக்கும் என்றார். அந்த நோட்டு எங்கள் பீரோவில் இருப்பதே எனக்குத் தெரியாது. என் மூக்குக்கும் தப்பியது ஒன்று இருந்திருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஒரு ரம் பாட்டிலும் அந்த நோட்டும் எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போனார். நாலு மணிக்கு வந்தார். கைமடிப்பில் மஞ்சள் கறை, வாயில் பூண்டு வாசனை, முகம் பூரா சிரிப்பு. ஆறு பேரும் எழுந்து நின்று கை கொடுத்தார்களாம். கரண்டியைக் கொடுத்துக் கிளறச் சொன்னார்களாம். என்ன பேசினீர்கள் என்றேன். கிரிக்கெட் என்றார். பிறகு? வாத்து வளர்ப்பது பற்றி. பிறகு? மறுபடி கிரிக்கெட். நோட்டைக் காட்டினீர்களா என்றேன். முதல் நாளே காட்டினால் நன்றாக இருக்காது, அடுத்த வாரம் என்றார்.

அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகிவிட்டது. உன் அண்ணன் தலைவர்தான் என்று உனக்கு எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். ஆனால் ஆறு அரசியல்காரர்கள், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஐந்து மணி நேரம் கிரிக்கெட் பேசினார்கள் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

உன் பெண்டாட்டியின் முதுகுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

அண்ணி
வேவ்னி


நியூ ரிவார்ட்,
மார்ச் 19

அன்புள்ள ஆஸ்வின்,

இந்நேரம் பத்திரிகை பார்த்து உனக்கே தெரிந்திருக்கும். உங்கள் கட்சிக்காரர்கள் அங்கே கைதட்டியிருப்பார்கள். அவர்கள் சொன்னதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேள்.

அடுத்த ஞாயிறும் அவர் நோட்டோடு போனார். அன்றைக்கும் கிரிக்கெட். நோட்டை எடுத்தாராம். தூத்நாத் இரண்டு பக்கம் புரட்டி, பிரமாதம் காம்ரேட், இதைத் தனியாக உட்கார்ந்து பேசவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கறியில் உப்புப் பார்க்கப் போனாராம். திங்கட்கிழமை காலை வானொலியில் விளக்குக் கட்சியின் வேட்பாளர் பட்டியல் முழுவதும் முடிவாகிவிட்டது என்று சொன்னார்கள். அன்றைக்கு அவர் சவரம் செய்யவில்லை. முந்தின நாள் மதியம் முழுக்க அவர்களோடுதான் இருந்தேன், எப்போது முடிவு செய்தார்கள் என்று என்னைக் கேட்டார்.

பதில் ரோமிலாவிடம் இருந்தது. அவளாக வரவில்லை, நான் போனேன். என்னைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள். உன் அண்ணனுக்கு அழைப்புப் போன அந்த வாரத்திலிருந்தே விஷயங்களைப் பேசுவது சனிக்கிழமைக்கு மாறிவிட்டதாம். அரிசி ஆலைக்குப் பின்னால் அதே ஆறு பேர், அதே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை வாத்து அவருக்காகவே தனியாகச் சமைத்தது. சனிக்கிழமை என்றால் நான் நாள் முழுக்க சபையில் இருப்பேன், என் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. என் சபை என்ன சபை, அது எந்தக் கிழமை என்பதெல்லாம் அவர்களுக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது பார்.

வீட்டுக்கு வந்து அதை உன் அண்ணனிடம் சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. பிள்ளை செத்துப் பிறந்ததைத் தாயிடம் சொல்லியிருக்கிறேன், தம்பி. அதுகூட இதைவிட லேசு. நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு மசாலா வாசனையை மோந்துகொண்டு மதகடியில் நின்றிருப்பார். என் ஆசையால்தான் அவர் இரண்டு ஞாயிறு கரண்டி பிடித்துச் சிரித்துவிட்டு வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. பம்பு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

வியாழக்கிழமை வேட்புமனு. ஜார்ஜ்டவுனில் கட்சி அலுவலகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர்வலமாகப் போவதாக ஏற்பாடு. வெளியே மேளம், தாரை, வேனில் அவர் படம் ஆளுயரத்துக்கு. நானும் உடன் போனேன், அந்த அறையிலேயே சுவரோரமாக நின்றேன். ஆகவே இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்திருந்தார்கள். அவர் மடிப்பைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலில் முதல் பெயரிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அறுபத்தைந்து பெயர். ஒவ்வொன்றையும் நிறுத்தி, ஊரோடு படித்தார். வெளியே மேளக்காரன் இரண்டு தடவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தான். ஒருவர் நேரமாகிறது காம்ரேட் என்றார். படித்துக்கொண்டே போனார். நம் கரையில் நம் ஜனங்கள் இருக்கிற பதினாலு ஊரிலிருந்து ஒரு பெயர் கூட அதில் இல்லை, அவர் பெயரைத் தவிர. எல்லாம் படித்து முடித்த பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

குரலை உயர்த்தவில்லை. உன் அண்ணன் பேசுகிற மாதிரியேதான் பேசினார். "பட்டியலை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். பாக்காமலே போடறதுக்கு என் கையெழுத்து எதுக்கு? என் போட்டோவையே ஒட்டிக்கலாமே. அதுதான் ஒங்ககிட்ட நெறைய இருக்கே."

தூத்நாத் அவர் தோளில் கை வைத்தார். "காம்ப்டன், கோவப்படாத. படகுக்காரன் மட்டும் என்ன பண்றான்? மொஹாபீரை என்ன தலையில தூக்கி வச்சிருக்கானா?"

"இல்லை. அங்கயும் இதேதான்னுதான இங்க வந்தேன்" என்றார்.

தூத்நாத்தின் முகத்தை அன்றைக்கும் கூர்ந்து பார்த்தேன். அன்றைக்குத் தெரிந்தது. வெட்கப்பட்டார், தம்பி. கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் வெட்கப்பட்ட பிறகும் பட்டியலை எடுத்துத் திருத்தவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். நாங்கள் மினிபஸ் பிடித்து ஊருக்கு வந்து சேர்வதற்குள் எவர்டன் பாஸ்டரைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விக்டோரியா ரோட்டில் சபை வைத்திருக்கிறாரே, ஐம்பது வயசிருக்கும், நல்ல குரல். அவரும் நம் ஆள்தான், அந்தப் பொருத்தத்தை மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமையே கம்பங்களில் படம் மாறிவிட்டது. ஊர் எல்லையில் எவர்டனுக்கும் மீசை வரைந்தாயிற்று.

சனிக்கிழமை நான் சபையிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் செருப்பு நிறைய கிடந்தது. உங்கள் படகுக் கட்சிக்காரர்கள். பதினோரு வருஷமாக எங்கள் வேலி ஓரம் வந்தால் காறித் துப்பியவர்கள் கேக் கொண்டுவந்திருந்தார்கள். மகன் வீடு திரும்பிவிட்டான், நாளைக் கூட்டத்தில் எங்கள் மேடைக்கு வர வேண்டும், நடு நாற்காலி போட்டு வைக்கிறோம் என்றார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். "நான் விளக்கை விடல, நாற்காலியைத்தான் விட்டேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டார். கேக்கை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் அவர்கள் போன பிறகு அவர் ஒடுங்கிப் போய்விட்டார். விளக்குக்காரன் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களையும் திருப்பி அனுப்பியாயிற்று. மதகைத் திறப்பார், மூடுவார், வீட்டுக்கடியில் வலையில் படுத்துக்கொள்வார். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். ஒரு மனுஷன் எந்தப் பக்கமும் இல்லாமல் போனால் எப்படி இருக்குமென்று நான் இந்தச் சில நாளாகப் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று காலை திடீரென்று எழுந்து குளித்து, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். எவர்டன் வீட்டுக்கு என்றார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். சண்டையில்லை. இரண்டு பேரும் மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள், நான் எவர்டன் பெண்டாட்டியோடு அடுப்படியில் இருந்தேன், காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன். சனிக்கிழமை அரிசி ஆலைக்குப் பின்னால், பத்து மணிக்கு, கூப்பிட மாட்டார்கள், நீயாகப் போய் உட்கார், ஞாயிற்றுக்கிழமை வாத்தைப் பார்த்து ஏமாந்து போகாதே, கையெழுத்து போட்டவன் நீ, உன்னை எழுந்து போகச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது என்று உன் அண்ணன் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஆலை வாசல் வரை நானும் வருகிறேன் என்றார். கடைசியில் நோட்டையும் கொடுத்துவிட்டார். எவர்டன் கேள்வி மேல் கேள்வி கேட்டார், இவர் சலிக்காமல் பதில் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது.

தலைவரா படமா என்று கேட்டிருந்தாயே. பதினோரு வருஷம் படம்தான், தம்பி, நான் மறைக்க மாட்டேன். ஆனால் நேற்று அந்த மாமரத்தடியில் நான் பார்த்தது வேறு. அதற்கு நீயே ஒரு பெயர் வைத்துக்கொள்.

திரும்பி வருகிற வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்றார். மெல்லச் சிரித்துக்கொண்டார். "எவர்டன் நம்ம ஆஸ்வின் மாதிரியே வேவ்னி. பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், நடந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் உன் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது நேற்றுதான்.

நாளை விமானம் ஏறுகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை எவர்டனை ஆலை வாசலில் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்போது தொலைபேசியில் கூப்பிடு. நான் சபையில் இருப்பேன், அவர்தான் எடுக்க வேண்டும். கட்சி பற்றி ஒன்றும் கேட்காதே. உனக்கு ஒன்றும் பேச வரவில்லையென்றால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். முன்பின் பழகாத ஒருவனுக்கு அண்ணனாக இருந்துவிட்டு வந்திருக்கிறார். கூடப்பிறந்தவன் நீ, ஒருதரம் அண்ணா என்று கூப்பிடு.

உன்னைப் பெற்ற அந்த இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன்மேல் இருக்கட்டும்.

சனிக்கிழமைக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும் உன் அண்ணி,
வேவ்னி